உன் மணிக்கணக்கை நீயே போடு!

இரவு பத்து மணிக்கு மில்லுக்குள் நுழைகிறாய். காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறாய். எட்டு மணி நேர உழைப்பு. எக்செல்லில் இரண்டு நேரத்தையும் போட்டுக் கழித்தால், கட்டம் முழுக்க ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல் குறிகள்! "நமக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது" என்று எழுந்துவிடாதே தம்பி. உட்கார்!

எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. நண்பகல் 0.5. காலை ஆறு 0.25. இரவு பத்தோ 0.9167. சின்னதிலிருந்து பெரியதைக் கழித்தால் மைனஸ்தானே வரும்? மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாமல் அது விழிக்கிறது, அவ்வளவுதான். நடுவில் நள்ளிரவு கடந்ததை நீதான் அதற்குச் சொல்ல வேண்டும். கழித்ததை 'மாட்' சூத்திரத்துக்குள் வைத்து, வகுக்கும் எண்ணாக 1 கொடு. எட்டு மணி நேரம் வந்து நிற்கும்.

இன்னும் இருக்கிறது. ஆறு நாள் உழைப்பையும் கூட்டிப் பார். 0:00! ஒரு வாரம் கண் விழித்ததற்குப் பூஜ்யமா? கொதிக்கிறதா? கொதிக்கட்டும், ஆனால் காரணத்தைப் பிடி. 48 மணி என்பது சரியாக இரண்டு நாள். கடிகார வடிவம் முழு நாட்களை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். வடிவக் குறியில் மணிக்கான 'எச்' எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடு. 48:00 என்று தலை நிமிரும். மணிக்கு 100 ரூபாய் என்று கூலி போடும்போது 24-ஆலும் பெருக்கு. மறந்தால் எட்டு மணி நேரத்துக்கு 33 ரூபாய்தான் காட்டும்.

எக்செல் வாங்கக் காசில்லை என்கிறாயா? லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசம். சாக்குக்கு இடமில்லை.

எதற்கு இவ்வளவு பாடு? நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி தாண்டினால் இரட்டைக் கூலி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு எழுதி வைத்தது. 2020-இல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பதைக் கைவிடவில்லை. உரிமை தாளில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்று சொல்லத் தெரியாதவன் அதை எப்படிக் கேட்பான்? "ஏதோ குறையுற மாதிரி இருக்கு சார்" என்று தலையைச் சொறிந்தால் சூப்பர்வைசர் சிரிப்பார். "பன்னிரண்டாம் தேதி இரண்டரை மணி ஓ.டி. விடுபட்டிருக்கு" என்று சொல், பதிவேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இன்று ஷிஃப்ட் முடிந்ததும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், இடைவேளை மூன்றையும் எழுது. சம்பளச் சீட்டு வரும் நாளில் உன் தாளோடு போ. கால் மணி குறைந்தாலும் கேள்!