நிழலும் அமானிதமும்

ஊர்காண வருபவன் கையில் கமரா ஒன்று இருப்பின், அவனுக்கும் அவ்வூருக்கும் உள்ள உறவே வேறாகிவிடுகின்றது. வெறுங்கையோடு வந்தவன் கண்டதைக் கண்டபடி மறந்து செல்வான். கமராவோடு வந்தவனோ கண்டவற்றுள் சிலவற்றைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறான். அவன் எடுத்துச் செல்வன பெரும்பாலும் பிற மனிதரின் முகங்கள் ஆதலின், அவை யாருக்கு உரியன என்னும் வினா அறவியலின்பாற் படுகின்றது.

கல்முனைக்குடி போன்ற ஓர் ஊர் இத்தகைய பயணிக்குப் பெருவிருந்தாகும். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் சுவரோடு சுவர் உரசும் வீடுகள். கரைவலை இழுப்போரின் வளைந்த முதுகுகள், மீனுக்கு விலை கூறும் குரல்கள், உப்புக்காற்றில் துருவேறிய தகரங்கள், கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றக் காலத்தில் மணலில் முளைக்கும் கடைகள், அவற்றைச் சூழும் பிள்ளைகள் என எப்பக்கம் திரும்பினும் ஒரு படம் காத்திருக்கும். லாகோசின் சந்தைகளிலும் டாக்காரின் கரைகளிலும் மேலைநாட்டுப் பயணி தேடிச் செல்வதும் இதனையே. ஆயின் ஒன்று நோக்கற்பாலது. துருவேறிய தகரம் அதன்கீழ் உறங்குபவனுக்கு மாரிகால அச்சம். வந்தவனுக்கு அது வண்ணம். வறுமை சூழ்ந்த இடத்தில் அழகு காண்பது கண்ணின் குற்றமன்று. அவ்வழகை நுகர்வோர் ஒரு புறமும் அதன் விலையைச் செலுத்துவோர் மறுபுறமுமாக நிற்பதே இங்குள்ள இடர்ப்பாடு.

பொதுத்தெருவில் நிற்பவரைப் படமெடுக்க அனுமதி வேண்டியதில்லை என்பது பல நாடுகளின் சட்ட மரபு. ஊரின் மரபு அவ்வாறன்று. பிறர் வீட்டினுள் நுழையுமுன் சலாம் கூறி அனுமதி பெறவேண்டும் என்பது திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் விதித்த ஒழுக்கம். கிடுகு வேலி மதிலாக மாறிய பின்னரும் அவ்வொழுக்கம் கல்முனைக்குடியில் மாறவில்லை. ஆனால் தொலைவிலுள்ளதை அருகே கொணரும் வில்லை சலாம் சொல்வதில்லை. படலையைத் திறவாமலே முற்றத்துக்குள் சென்று மீண்டுவிடுகின்றது.

படம் பற்றிய சிந்தனை முஸ்லிம் சமூகத்துக்குப் புதியதன்று. உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்குதல் படைப்பவனோடு போட்டியிடுதலாகும் என்ற அச்சத்தால், புகைப்படம் ஆகுமானதா என்ற விவாதம் நெடுங்காலம் நிகழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் எகிப்தின் முப்தியாக விளங்கிய முகம்மது பகீத் அல்-முதீஈ அதற்கொரு நுட்பமான விடை கண்டார். கமரா எதனையும் படைப்பதில்லை. கண்ணாடியில் விழுவது போன்ற நிழலை அது தடுத்து நிறுத்துகின்றது, அவ்வளவே என்பது அவர் வாதம். தமிழில் நிழற்படம் என்ற சொல்லை ஆக்கியவர் அந்த முப்தியை அறிந்திருக்க நியாயமில்லை. எனினும் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தமை வியப்பே.

அவ்வாதம் படமெடுப்பவனைப் பாவத்திலிருந்து விடுவித்தது. ஆயின் அது அவனது உரிமையையும் உடன் பறித்துக்கொண்டது என்பதைப் பலர் நோக்குவதில்லை. நிழலை அவன் படைக்கவில்லையெனின், அது அவனுடையது ஆவது எங்ஙனம்? பிறருக்குரியதைத் தன்னிடம் வைத்திருப்பவன் கையிலுள்ளது அமானிதம். தமிழ் மரபில் அடைக்கலப் பொருள். பதிப்புரிமைச் சட்டம் படத்தின் உரிமையை எடுத்தவனுக்கே வழங்குகின்றது. அவனுடைய உழைப்புக்கு அது தகும். முகத்துக்கு உரியவரோடு அவனுக்குள்ள கடனை அச்சட்டம் தொடுவதில்லை.

இக்கடன் எங்கே முதலில் மறக்கப்படுகின்றதெனின், பெயரில். ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டெனிசனும் டார்வினும் பெயரோடு இருக்கின்றனர். அவர் 1875இல் இலங்கை வந்து எடுத்த படங்களிலோ ‘களுத்துறைக் குடியானவர்கள்’ போன்ற பொதுப்பெயர்களே எஞ்சின. மாலி நாட்டுப் பமாக்கோ நகரில் செய்து கெய்த்தா 1948இல் படப்பிடிப்புக்கூடம் திறந்தார். மக்கள் தாமே நாடி வந்து, விரும்பிய உடையில், விரும்பிய கோலத்தில் அமர்ந்தனர். வானொலிப் பெட்டியும் கைக்கடிகாரமும் அவரே கொடுத்துதவினார். தன் நிழல் எவ்வாறு விழவேண்டுமெனத் தானே தீர்மானித்த மக்களின் படங்கள் அவை. 1991இல் அவற்றுட் சில நியூயோர்க்கில் காட்சிக்கு வந்தபோது, எடுத்தவர் பெயரும் இல்லை; இருந்தவர் பெயரும் இல்லை. பெயரறியாப் படப்பிடிப்பாளர், பமாக்கோ என்ற அளவில் நின்றது குறிப்பு.

இனி எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலியது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. தீவிலேயே மிகுந்த உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என நீளும் கரையின் முன்வரிசை வீடுகள் அத்திவாரத்தோடு போயின. அன்று யாரிடம் அனுமதி கேட்பது? கேட்டு நிற்பின் உலகம் அறிந்திருக்குமா? இரு நாள் கழித்துக் கடலூரில் ஆர்க்கோ தத்தா எடுத்த படம், மணலில் முகம் குப்புற வீழ்ந்து, கைகளை விரித்துக் கதறும் ஒரு பெண்ணைக் காட்டியது. அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் படப் பரிசும் அதற்குக் கிடைத்தது. தொலைவிலிருந்தோர் துயரின் அளவை உணர்ந்தமைக்கு இத்தகைய படங்களும் காரணம் என்பதை மறுத்தல் இயலாது. அப்பெண்ணின் அழுகைக்குத் தனிமை வேண்டியிருந்தது என்பதையும் மறுத்தல் இயலாது.

இரண்டையும் ஒருங்கே ஏற்கும் வழி இஸ்லாமிய சட்டநூல்களில் வேறோர் இடத்தில் உள்ளது. லுக்தா எனப்படும் கண்டெடுத்த பொருள் பற்றிய விதி அது. வழியிற் கிடக்கும் பொருளை, அது அழியாதிருக்கும் பொருட்டு, உரியவரைக் கேளாமலே எடுக்கலாம். எடுத்தவன் பின்னர் ஓராண்டு அதனைச் சந்தைகளிலும் பள்ளிவாசலின் வாயில்களிலும் அறிவித்து உரியவரைத் தேடவேண்டும். எடுத்தல் ஆகும், அறிவியாது வைத்திருத்தல் ஆகாது. பேரிடரிற் பிடித்த நிழலும் அத்தகையதே.

அதன் பெறுமதியை வந்தவன் அறியான். அலை வீட்டை மட்டும் கொண்டுசெல்லவில்லை. பெட்டியிலிருந்த திருமணப் படங்களையும் பிள்ளைகளின் படங்களையும் கொண்டுசென்றது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதல் முதலில் தடுக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் பலர் வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பழைய தெருவின் சாயலே பலருக்கு நினைவில் மட்டும் எஞ்சியது. அலைக்கு முன்னோ பின்னோ அவ்வழியே சென்ற அயலான் ஒருவனின் சேகரத்தில், ‘இலங்கை, கரையோர ஊர்’ என்ற குறிப்புடன், ஒரு கிணற்றடியும் ஒரு வாசற்படியும் அதில் அமர்ந்த ஒரு சிறுமியும் இருக்கக்கூடும். அப்படத்தை மீன்சந்தையிலோ பள்ளிவாசல் வாயிலிலோ விரித்து வைத்தால், கிணற்றைக் கொண்டே வீட்டையும், வீட்டைக் கொண்டே பெயரையும் சொல்லக்கூடியவர்கள் கல்முனைக்குடியில் இன்னும் இருக்கின்றனர்.