எது அந்த எஞ்சின்?

1955-இல் செவர்லே கொண்டுவந்த 265 கன அங்குல வி8 எஞ்சினின் பிளாக்கில் பக்கவாட்டு மவுண்டிங்குக்கு இடமே கிடையாது. முன்முகத்தில் இரு மவுண்டிங், பின்னால் பெல் ஹவுசிங்கில் இரண்டு; எஞ்சின் அவற்றில்தான் உட்கார்ந்திருக்கும். 1958-இல் பிளாக்கின் இரு பக்கமும் மவுண்டிங் காதுகள் சேர்த்தே வார்க்கப்பட்டன. வாட்டர் பம்பும் மாறியது. முதலில் குட்டைப் பம்ப். 1969-இல் பெரும்பாலான கார்களுக்குச் சுமார் ஒன்றேகால் அங்குலம் நீண்ட பம்ப் வந்தது. பிளாக்கில் பூட்டும் போல்ட் துளைகள் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் நீளப் பம்பைப் போட்டால் புல்லிகள் நேர்கோட்டில் நிற்காது, ஃபேன் ரேடியேட்டரை நெருங்கிவிடும்.

பம்பை மாற்றிய பிறகும் அது அதே எஞ்சின்தானா என்று கேட்டால் மெக்கானிக் சிரிப்பார். நியாய மரபுத் தத்துவவாதியான நையாயிகர் சிரிக்கமாட்டார். அவயவங்களில், அதாவது உறுப்புகளில், தங்கியிருந்தாலும் அவயவி என்னும் முழுமை அவற்றிலிருந்து வேறான பொருள் என்பது நியாய-வைசேஷிகக் கொள்கை. ஒரு நூலை உருவினாலே பழைய துணி அழிந்து வேறு துணி பிறக்கிறது. அந்தக் கணக்கில் பம்ப் மாறிய அன்றே எஞ்சினும் புதிது. தர்க்கம் பழுதற்றதுதான், பட்டறைக்கு உதவாது. பௌத்தத் துறவி நாகசேனர் மன்னன் மிலிந்தனுக்கு உணர்த்திய விடை எதிர்த்திசையில் போகிறது: அச்சும் தேரல்ல, சக்கரமும் தேரல்ல, இவற்றை விட்டுத் தேர் தனியாகவும் இல்லை, சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர்.

மவுண்டிங் விஷயத்தில் நாகசேனர் பக்கமே நியாயம் கூடுதல். மவுண்டிங் காது எஞ்சினை ஓட்டுவதில்லை; சேஸிஸோடு இணைக்கிறது, அவ்வளவே. ஆனாலும் ஒரு பிளாக் எந்தக் காருக்கு உரியது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. முன்முகத் துளைகள் பிந்தைய பிளாக்குகளிலும் பல ஆண்டுகள் தொடர்ந்ததால், அந்தப் பிளாக்குகள் 1955 காரில் அப்படியே உட்காரும். 1955 பிளாக்கோ, பக்கவாட்டு மவுண்டிங் கொண்ட காரில் தனி அடாப்டர் இல்லாமல் உட்காராது.

பழைய கார் சந்தை ‘இது அதே எஞ்சின்தானா’ என்ற கேள்வியை எண்ணை வைத்து முடிக்கப் பார்க்கிறது. பிளாக்கின் முன்பக்கத் தளத்தில் குத்திய எண் பொருந்தினால் எஞ்சின் அசல். அந்த எண்ணை இழைத்துவிட்டு வேறு எண் குத்துகிறவர்களும் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வார்ப்பு எண்ணையும் வார்த்த தேதியையும் தேடுவார்கள், பக்கவாட்டிலும் குனிந்து பார்ப்பார்கள். காது வைத்து வார்த்த பிளாக் என்றால், மேலே எந்த எண் இருந்தாலும் அது 1955-இல் பிறந்ததல்ல.