அளவுகோலை வைத்திருப்பவர் யார்?

ஒரு விளையாட்டு வீரரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது? அவர் ஆடிய ஆட்டத்தைக் கொண்டு என்பதே எவரும் கூறும் விடை. ஆனால், ஆடவிடாமல் தடுக்கப்பட்ட வீரரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்வி கனடாவிலுள்ள ஹொக்கிப் புகழ் மண்டபத்தின் வாயிலிலே பல்லாண்டுகள் காத்துக் கிடந்தது. 2022ஆம் ஆண்டில் அதற்கு ஒரு விடை அளிக்கப்பட்டது. அந்த விடை முழுமையானதா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

பனித்தரையில் ஆடப்படும் ஹொக்கி கனடிய மக்களின் வாழ்வோடு கலந்த விளையாட்டாகும். ரொறன்ரோ நகரிலுள்ள புகழ் மண்டபத்தில் இடம்பெறுவது அவ்விளையாட்டின் அதியுயர்ந்த கௌரவம். 18 பேர் கொண்ட தெரிவுக் குழுவில் 14 பேரின் வாக்கைப் பெறுவோருக்கே அங்கு இடமுண்டு.

ஹேர்ப் கார்னெகி 1919இல் ரொறன்ரோவிலே பிறந்தார். பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கறுப்பின மக்கள். 1938ஆம் ஆண்டளவில், இளைஞர் அணியொன்றில் ஆடிக்கொண்டிருந்தபோது, தம் பயிற்சியாளர் வாயிலாகத் தாம் கேட்ட ஒரு செய்தியைக் கார்னெகி பிற்காலத்தில் எழுதியுள்ளார். இவரை வெள்ளையராக மாற்றக்கூடியவர் எவராயினும் அவருக்கு 10,000 டொலர் கொடுப்பேன் என்று, மேப்பிள் லீவ்ஸ் அணியின் அதிபர் கொன் ஸ்மைத் கூறினாராம். அச்சொற்கள் அவ்வாறே சொல்லப்பட்டனவா என்பதை இன்று எவரும் நிறுவ இயலாது. ஆயினும், நிறுவவேண்டிய அவசியம் இல்லாத உண்மையொன்று உண்டு. 1958 ஜனவரி 18ஆந் திகதி வில்லி ஓரீ பொஸ்ரன் அணிக்காகக் களமிறங்கும் வரை, தேசிய ஹொக்கி லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஆடியதில்லை. அதற்கெனச் சட்டமில்லை; எழுதப்பட்ட விதியுமில்லை. எழுதப்படாத விதியை எதிர்த்து எவரிடம் முறையிடுவது?

கார்னெகி கியூபெக் மாகாண லீக்கிலே ஆடினார். அவரும், அவர் சகோதரர் ஒஸ்ஸியும், மனி மக்கின்ரையர் என்பவரும் ஒரே முன்வரிசையாக ஆடியபோது இரசிகர் கூட்டம் திரண்டது. அந்த லீக்கின் அதிசிறந்த ஆட்டக்காரராக அவர் தொடர்ந்து மூன்று தடவை தெரிவானார். 1948இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணி அவரைப் பரீட்சார்த்தமாக அழைத்தது. அழைத்த அணி அவருக்குத் தேசிய லீக்கில் இடந்தரவில்லை. தனக்குக் கீழ்ப்பட்ட சிறிய அணிகளில் ஆடுமாறு மூன்று முறை ஒப்பந்தம் நீட்டியது. மூன்றும் அவர் கியூபெக்கில் ஏற்கெனவே பெற்றுவந்த ஊதியத்திலும் குறைந்தவை. குடும்பத்தைக் காக்கவேண்டிய உழைப்பாளியான அவர் அவற்றை மறுத்தார். அவராகவே வாய்ப்பைக் கைவிட்டார் என்று பின்னர் சொன்னவர்கள், பசிக்கும் மானத்துக்குமிடையில் நிறுத்தப்பட்ட மனிதனின் "விருப்பம்" எத்தகையது என்பதை எண்ணிப்பார்க்கவில்லை.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1955இல் அவர் சிறுவருக்கான ஹொக்கிப் பாடசாலையொன்றை நிறுவினார். கனடாவில் தோன்றிய முதற் சில பாடசாலைகளுள் அதுவும் ஒன்று. 2012இல், 92ஆவது வயதில் காலமானார். பத்தாண்டு கழித்துப் புகழ் மண்டபம் அவரை ஏற்றது; ஆனால் ஆட்டக்காரராக அன்று. விளையாட்டைக் "கட்டியெழுப்பியவர்" என்னும் பிரிவிலேயே அவருக்கு இடம் கிடைத்தது.

அவர் சிறுவருக்கு ஆற்றிய பணிக்கு அந்தக் கௌரவம் பொருத்தமானதே. ஆனால், கேட்கப்பட்ட கேள்வி வேறு. அவர் நல்லவரா என்று எவரும் கேட்கவில்லை. அவர் பெரும் ஆட்டக்காரரா என்பதே கேள்வி. திறமைக்குரிய இடத்தைக் கேட்டவருக்கு நற்பண்புக்கான சான்றிதழ் வழங்கப்பட்டது.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவது யாது? செய்த சாதனைகளையே மண்டபம் அளக்க முடியும். செய்திருக்கக்கூடியவற்றை அளக்க முடியாது. இரக்கத்தின் பேரில் இடந்தருவது ஏனைய வீரருக்கு இழைக்கும் அநீதி என்பதே அது. இவ்வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. இரக்கத்தின் பேரில் தரப்படும் கௌரவம் கார்னெகிக்கும் அவமதிப்பே என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால், இவ்வாதம் ஒரு தவறான அடித்தளத்தில் நிற்கிறது. தேசிய லீக்கும் ஹொக்கி விளையாட்டும் ஒன்றே என்று அது எண்ணுகிறது. சோவியத் கோல் காவலர் திரெத்தியாக் தேசிய லீக்கில் ஒரு நாளேனும் ஆடியவரல்லர். 1989இல் மண்டபம் அவரை ஆட்டக்காரராகவே ஏற்றது. 2005இல், மறைந்த கார்லமோவையும் அவ்வாறே ஏற்றது. ஆகவே, லீக்கில் ஆடாமை தகுதிக்குத் தடையன்று என்பதை மண்டபமே ஒப்புக்கொண்டுவிட்டது.

சோவியத் வீரர் 1972இல் கனடாவின் தலைசிறந்த தொழில்முறை வீரருக்கெதிராக ஆடித் தம் திறமையை நிறுவினரே. கார்னெகிக்கு அத்தகைய சான்று எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு சான்று உண்டு. பின்னாளில் மொன்றியல் அணியின் பெருந் தலைவனாக விளங்கி, 1972இல் புகழ் மண்டபம் புகுந்த ஜோன் பெலிவோ, கியூபெக் ஏசஸ் அணியில் கார்னெகியோடு சேர்ந்து ஆடியவர். கார்னெகி மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று அவர் சாட்சி பகர்ந்துள்ளார். மேலும் சான்றுகள் இல்லையெனில், அவை ஏன் இல்லை? சான்று தோன்றுவதற்கான களத்தை மூடியவர்கள் யார்? கடன் பத்திரத்தை எரித்தவனே, பத்திரம் எங்கே என்று கேட்பதை எந்த நீதிமன்றம் ஏற்கும்? ஆசிரியராயுள்ள வாசகர் இதை எளிதில் உணர்வர். பரீட்சை மண்டபத்தினுள் அனுமதிக்கப்படாத மாணவனின் பெயருக்கெதிரே "சமுகமளிக்கவில்லை" என்று குறிப்பது பொய்யன்று. ஆனால் அது உண்மையுமன்று.

பேஸ்போல் விளையாட்டின் வரலாறு இங்கே துணைபுரிகிறது. அமெரிக்காவில் கறுப்பின வீரர் தமக்கெனத் தனி லீக்குகள் அமைத்து ஆடினர். 1972இல், அவ்விளையாட்டின் புகழ் மண்டபம், பெரிய லீக்கில் ஒருபோதும் ஆடவிடப்படாத ஜொஷ் கிப்சனை ஆட்டக்காரராகவே ஏற்றது. 2024இல், கறுப்பின லீக்குகளின் எண்ணிக்கைகளும் பெரிய லீக்கின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. நூற்றாண்டுக்கால முதலிடங்கள் சில மாறின. விளையாட்டு அழிந்துவிடவில்லை, அதன் வரலாறு உண்மைக்குச் சற்று அருகில் வந்தது. கார்னெகி ஆடிய கியூபெக் லீக் தேசிய லீக்குக்குச் சமமானது என்று நாம் கூறவில்லை. அங்கே அவர் ஆடிய ஆட்டமும் ஹொக்கியே என்று மட்டும் கூறுகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொன் ஸ்மைத் 1958இல், வில்லி ஓரீ முதன்முதலாகக் களமிறங்கிய அதே ஆண்டில், புகழ் மண்டபம் புகுந்தார். அவரும் "கட்டியெழுப்பியவர்" என்ற பிரிவினரே. கதவைக் காத்தவர்களுள் ஒருவரும், கதவுக்கு வெளியே நின்றவரும் இன்று ஒரே பட்டியலில் இருக்கின்றனர். தனிமனிதரைத் தூற்றுவதற்காக இதைக் கூறவில்லை. ஒரு சமுதாயத்தின் நிறபேதம் ஒருவருடைய நாவிலே வெளிப்படலாம். ஆனால் அது ஒருவரால் மட்டும் நிலைபெறுவதில்லை. அன்று லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். ஆறு அணிகளும் மௌனமாக இருந்தன. அந்த மௌனமே அவ்விதி.

எனவே நம் முடிவு இது: கார்னெகி ஆட்டக்காரராகவே மண்டபத்தில் இடம்பெறத் தகுதியுடையவர். காலஞ்சென்றவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அந்த இடம் மண்டபத்துக்கே தேவை. தான் காத்துவரும் அளவுகோல் யார் கையிலிருந்து வந்தது என்பதை அது கூறக் கடமைப்பட்டுள்ளது. அவர் உருவத்தின் கீழே, தேசிய லீக்கில் ஆடிய ஆட்டங்கள் எத்தனை என்ற இடத்தில் பூச்சியம் என்றே எழுதட்டும். அதற்குப் பக்கத்தில் அதற்கான காரணத்தையும் எழுதட்டும். நாளை தந்தையின் கைபிடித்து அங்கு வரும் சிறுவன், ஏன் பூச்சியம் என்று கேட்பான். அவனுக்கு மறைக்காமல் விடை கூறுவதே அந்த மண்டபம் செய்யவேண்டிய பணி.