நோயுள்ள கூட்டை விற்கலாமா?

 

திருக்குர்ஆனில் தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயமே இருப்பதை நாமெல்லோரும் அறிவோம். ஸூரத்துந் நஹ்லின் 68, 69 ஆகிய ஆயத்துக்களைச் சிறுவயதில் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். தேனீக்கு அல்லாஹு தஆலா காட்டிக் கொடுத்த இருப்பிடங்கள் மூன்று என்று அங்கே வருகிறது. மலை ஒன்று, மரம் ஒன்று, மனிதர் கட்டுவது ஒன்று. அதன் வயிற்றிலிருந்து வரும் பானத்தில் மக்களுக்கு நிவாரணம் உண்டென்பதும் அங்கேதான் வருகிறது. நிவாரணத்தைப் பற்றி வாடிக்கைக்காரரிடம் வாய் ஓயாமல் பேசுகிறோம். மூன்றாவது வீட்டைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மலையிலும் மரத்திலும் இருக்கும் தேனீ தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நாம் அடித்துக் கொடுத்த பெட்டியில் அதைக் குடிவைத்தால் பொறுப்பு நம் தலையில் ஏறிவிடுகிறதல்லவா?

நிற்க. காப்பாரில் நம் கடைக்குப் பின்னால் கெலுலுட் கூடுகள் சில வைத்திருக்கிறோம். கொட்டாத சிறுதேனீ, ஊரில் கொசுத்தேனீ என்பார்கள். மரக்கட்டைக்குள் கூடு, அதன்மேல் தேனுக்கு ஒரு பெட்டி. சென்ற ஆண்டு தேனெடுத்த அவசரத்தில் ஒரு மேற்பெட்டியைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டோம். இடுக்கு எங்கே கண்டாலும் பிசின் வைத்து அடைப்பது அவற்றின் வழக்கம். ஆனால் அது தளர்ந்த கூடு. அடைக்க ஆள் போதவில்லை. சிந்திய தேனுக்கும் மகரந்தத்துக்கும் கறுத்த நீண்ட ஈ ஒன்று வரும். சிப்பாய் ஈ என்று பெயர். அது இடுக்கில் முட்டையிட்டால், புழுக்கள் உள்ளே புகுந்து கூட்டையே கூழாக்கிவிடும். வாசலில் காவல் குறைந்ததைக் கண்டோம். புளித்த வாடையும் வந்தது.

அந்த வாரம்தான் ஒரு தம்பி கடைக்கு வந்தார். "காக்கா, அந்தக் கூட்டைக் கொடுப்பீங்களா? நல்லா இருக்கா?" என்றார். "கட்டை நல்ல கட்டை தம்பி" என்றோம். கட்டை நல்ல கட்டைதான்! பொய் சொல்லவில்லை என்று அன்றிரவு நம்மை நாமே சமாதானம் செய்துகொண்டோம்.

மதீனாக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த வரலாறு நமக்குத் தெரியாததா? மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரத்தை மக்கள் காண மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நாமோ உலர்ந்த கட்டையைக் காட்டி உள்ளிருந்த ஈரத்தை விற்றோம்.

தம்பி அதைத் தம் கூடுகளுக்கு நடுவே வைத்தார். புழுக்கள் வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகி ஈயாயின. அவர் தேனெடுக்கத் திறந்திருந்த வேறு மூன்று கூடுகளிலும் அவை புகுந்தன.

ஒருவர் மறைத்தால் எத்தனை பேர் நஷ்டப்படுவார்கள் என்பதற்கு நம் தாயகத்திலேயே சான்றுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர். 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. அமைத்த கிராமச் சீரமைப்பு நிலையம் ஏழைகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. பால்மரத் துளிர் பருவத்தில் பெட்டிகளை ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். பழைய காப்பார்க்காரர்களுக்குப் பால்மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அதன் இலைக்காம்பில் இனிப்பு சுரப்பதை எத்தனை பேர் கண்டிருப்போமோ!

1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னாட்டுப் பெட்டிகளில் ஒரு நோய் புகுந்தது. 1976இல் தாய்லாந்தில் முதலில் காணப்பட்ட வைரஸ் நோய் அது. புழு வளர்ந்து கூடு கட்டும் தறுவாயில் செத்து, நீர் நிறைந்த பைபோல் ஆகிவிடும். செத்த புழுவை அப்புறப்படுத்தும் தேனீயே நோயைச் சுமக்கும். பலங்குன்றிய பெட்டியில் தேன் திருடவரும் அயல் தேனீயும் அதைச் சுமந்து போகும். இவை போதாதென்று நாம் பெட்டியை இடம் மாற்றுகிறோம்; ஒன்றின் அடையை எடுத்து இன்னொன்றில் வைக்கிறோம். மார்த்தாண்டத்திலும் கேரளத்திலும் பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. பெட்டியை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் வெறும் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்நோய்க்கு மருந்தில்லை. வைரஸுக்கு ஆண்டிபயாடிக் வேலை செய்யாது. போட்டால் தேனில்தான் தங்கும். அந்தத் தேனை ஷிஃபா என்று சொல்லிப் போத்தலில் அடைத்து விற்பவர் யார்? நாமே. ராணியைச் சில நாள் கூண்டிலடைத்தால் புதிய புழு இராது, நோய்க்கு இரை இராது. நோய்பட்ட அடைகளை அழித்துவிட வேண்டும். நோயிலும் தாக்குப்பிடித்த கூடுகளிலிருந்தே இனம் பெருக்க வேண்டும். மார்த்தாண்டத்துத் தேன் தொழில் மறுபடி தலைதூக்கியதும் பிழைத்த கூடுகளைக் கொண்டுதான்.

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாமென்று நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஒட்டகத்துக்குச் சொன்னது தேன்பெட்டிக்குப் பொருந்தாதா? குறையைச் சொல்லாமல் சகோதரனுக்குச் சரக்கு விற்பது ஆகாது என்ற ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது நமக்கு உறக்கம் வரவில்லை.

கூடு வைத்திருக்கும் சகோதரர்கள் வாரம் ஒருமுறை வாசலைப் பாருங்கள். காவல் குறைந்தால், புளித்த வாடை வந்தால், அந்தக் கூட்டை அசைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். தேனெடுத்த பின் இடுக்கை ஒட்டுத்தாள் போட்டு அடையுங்கள். சிந்திய தேனைக் கழுவிவிடுங்கள். எறும்பு ஏறாமல் கால்களில் கிரீஸ் தடவுங்கள். வாசலருகே பல்லி தங்க இடங்கொடாதீர்கள். கெட்ட கூட்டைக் குப்பையில் வீசாமல் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். புழுக்களைக் கோழி விரும்பித் தின்னும். நம் வீட்டுக் கோழிகள் சாட்சி!

தம்பியின் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் போனோம். உள்ளதைச் சொல்லிப் பணத்தை நீட்டினோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கட்டைக்குக் கொடுத்த காசு கிடக்கட்டும் காக்கா, என் மூணு கூடு?" என்றார். பணத்தை அவர் கையில் வைத்து, நம்மிடமுள்ள நல்ல கூடுகளிலிருந்து பிரித்து மூன்றும் தருவதாக ஒப்புக்கொண்டோம். ஒன்று கொடுத்தாயிற்று. இரண்டு பாக்கி.