வெளிநாட்டு மேற்படிப்பு: விண்ணப்பத்தில் எழுதுவதும் சாட்சியம்தான்

(பாச்சலூர் பள்ளிவாசலில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



காப்பியும் மிளகும் மலை வாழையும் விளைவித்து, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி ஏற்றிவிட்டு வாழ்கிற ஊர் நம்முடையது. நம் பிள்ளைகள் கீழே இறங்கி திண்டுக்கல்லிலும் மதுரையிலும் கோவையிலும் பட்டம் படித்துவிட்டார்கள். அடுத்து என்ன என்று கேட்டால், "ஹஜ்ரத், மாஸ்டர்ஸ் வெளிநாட்டில் படிக்கலாம்னு இருக்கேன்" என்கிறார்கள். அத்தாமார்கள் தனியாக வந்து கேட்பது வேறு: "ஹஜ்ரத், இதெல்லாம் நமக்குச் சரிப்படுமா? தோட்டத்தை வைக்கச் சொல்றான்." இந்த வாரம் இதைத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கல்விக்காகத் தூரம் போகலாமா என்பதில் சந்தேகமே வேண்டாம். சீனாவைக் குறிப்பிட்டு மேடைதோறும் ஒரு செய்தியைச் சொல்வார்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை, அதனால் நானும் சொல்லப் போவதில்லை. அது இல்லாமலேயே நமக்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் நபியாக இருந்தும், தமக்குத் தெரியாத ஒன்றை அறிந்த ஓர் அடியாரைத் தேடிப் பயணம் போனதை கஹ்ஃப் அத்தியாயம் விரிவாகச் சொல்கிறது. ஜாபிர் (ரழி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் தேசத்திலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரழி) அவர்களிடம் போனார்கள். அது என்ன ஹதீஸ் தெரியுமா? மறுமையில் மனிதனுக்கு மனிதன் கொடுக்க வேண்டிய ஹக்கு தீராமல் யாரும் சொர்க்கத்துக்குள்ளோ நரகத்துக்குள்ளோ போக முடியாது என்பது. ஒரு மாதம் பயணம் செய்து அவர்கள் கொண்டு வந்தது மனிதர்களின் ஹக்கைப் பற்றிய அறிவு. தம்பி, நீ போகிற பயணத்திலும் அந்த ஹக்குதான் முதலில் வந்து நிற்கும். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன் வேலைக்கான சில விஷயங்கள். நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது மதிப்பெண்ணில் அல்ல, பெயரில். மதிப்பெண் பட்டியலில் எஸ். முகமது யூசுப் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அத்தாவின் பெயரும் சேர்ந்திருக்கும். ஆதாரில் முஹம்மது என்ற பெயருக்கு ஆங்கில எழுத்துகள் வேறு மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை நாலைந்து விதமாக எழுதுகிறோம். வெளிநாட்டு அலுவலருக்கு நாலும் நாலு ஆள். இதைக் கல்லூரி முடிவதற்குள் சரி செய்துவிடு. மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும்போதே எல்லாக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்.

அடுத்து, உன் பட்டம் எத்தனை வருடம் என்று பார். பி.காம், பி.எஸ்சி, பி.சி.ஏ போன்ற மூன்றாண்டுப் பட்டத்தை இங்கிலாந்தில் பொதுவாக ஏற்கிறார்கள். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பல பல்கலைக்கழகங்கள் அது போதாது என்று திருப்பிவிடும். காலமும் முக்கியம். ஜெர்மனியில் அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், சில இடங்களில் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். அந்நாட்டுக்குப் போகிற இந்திய மாணவர்களின் சான்றிதழ்களை ஏ.பி.எஸ் என்ற அமைப்பு சரிபார்த்துத் தர வேண்டும், 2022 நவம்பர் முதல் இது கட்டாயம். ஐ.இ.எல்.டி.எஸ் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். அதனால் ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கு. கடைசி வாரத்தில் மலை மேல் சிக்னல் தேடி ஓடிக்கொண்டு, தவக்குல் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்பார்கள். நீ யார், என்ன படித்தாய், ஏன் இந்தப் படிப்பு என்று உன்னைப் பற்றி நீயே எழுத வேண்டும். நம் பிள்ளைகளில் சிலர் பணிவு என்று நினைத்துத் தங்களைப் பற்றி ஒன்றுமே எழுத மாட்டார்கள். சிலர் எதையும் எழுதுவார்கள். யூசுஃப் (அலை) அவர்களைப் பாருங்கள். மிஸ்ருடைய அரசரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம்மைப் பற்றி இரண்டே தகுதிகளைச் சொன்னார்கள்: பாதுகாப்பேன், அந்த வேலை எனக்குத் தெரியும். நபியின் பேரன், அழகன், கனவு விளக்கம் சொல்பவன் என்றெல்லாம் சொல்லவில்லை. அந்தப் பொறுப்புக்கு எது தேவையோ அது மட்டும், அதுவும் உண்மை. தேவைப்படும் இடத்தில் தன் திறமையைச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது என்று இந்த வசனத்தை வைத்து முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள். நீயும் அப்படியே எழுது. உங்கள் தோட்டத்தில் மிளகுக் கொடி வாடியபோது காரணம் தேடினாயா, அதை எழுது. சாட்ஜிபிடி எழுதித் தருவது அழகாக இருக்கும், ஆனால் அதில் நீ இருக்க மாட்டாய். நீ செய்யாத ப்ராஜெக்டையும் அது செய்ததாக எழுதிவிடும். கீழே கையெழுத்துப் போடுவது நீதான்.

பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குகிறோம். பல கல்லூரிகளில் "நீயே எழுதிக் கொண்டு வா, சைன் போடுறேன்" என்கிறார்கள். மத்யனில் அந்தப் பெண்மணி தன் தகப்பனாரிடம் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னபோது, வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்றார். தண்ணீர் இறைத்த இடத்தில் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். பரிந்துரை என்றால் கண்டதைச் சொல்வது. கல்லூரி ஆசிரியராக இருக்கும் நம் சகோதரர்களே, பத்து நிமிடம் ஒதுக்கி, உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே எழுதிக் கொடுங்கள். நல்ல பரிந்துரைக்கு நன்மையில் பங்கு உண்டு என்று அந்நிஸா அத்தியாயம் சொல்கிறது. அதே வசனம் தீய பரிந்துரையின் பங்கையும் சொல்கிறது.

ஏஜென்ட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லோரையும் குறை சொல்லவில்லை, நேர்மையாக வழி காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் வேலை செய்யாத கம்பெனியிலிருந்து அனுபவச் சான்று, மாற்றிய மதிப்பெண் பட்டியல், கல்லூரி அனுப்பாத சேர்க்கைக் கடிதம், இவையும் விலைக்குக் கிடைக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம். வியாபாரி மழையைக் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்கிறவர் நம்மைச் சேர்ந்தவர் இல்லை என்றார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தக்காளிப் பெட்டியின் அடியில் அழுகல் வைத்தவனை அடுத்த முறை எந்தக் கமிஷன் மண்டியும் நம்பாது. பொய்ச் சாட்சியத்தைப் பற்றிச் சொல்லும்போது, சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்த மாட்டார்களா என்று தோழர்கள் நினைக்கும் அளவு திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

மறுமை இருக்கட்டும், இம்மையிலேயே என்ன ஆகிறது பாருங்கள். 2023-ல் கனடாவில் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். ஏஜென்ட் கொடுத்த கல்லூரிக் கடிதம் போலி. சில வருடம் படித்து, வேலைக்கும் சேர்ந்து, நிரந்தரக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தபோதுதான் அது வெளியே வந்தது. ஏமாந்தவர்களுக்காக அந்நாட்டு அரசு பின்னர் தனியாக விசாரணை வைத்தது. ஆனாலும் அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் பட்ட வேதனையை யார் திருப்பித் தருவார்? கடிதம் வந்ததும் அந்தக் கல்லூரியின் சொந்த முகவரிக்கு நீயே எழுதிக் கேள். அதற்குக் காசு ஆகாது.

பணத்துக்கு வருவோம். விசாவுக்கு வங்கியில் பணம் காட்ட வேண்டும். ஜெர்மனி ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ கேட்கிறது, சுமார் 12 லட்சம் ரூபாய். அது கட்டணம் இல்லை. உன் பெயரில் முடக்கப்பட்ட கணக்கில் இருந்து, அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உன் செலவுக்கே திரும்ப வரும். இங்கிலாந்துக்கு, தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளுக்குப் பணம் போட்டு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், அதற்கு ஒரு தொகை வாங்குவார்கள். இதில் என்ன இருக்கிறது என்கிறான் தம்பி. கடன் கொடுத்து மேலே வாங்கினால் அது வட்டி. இல்லாத பணத்தை இருக்கிறது என்று காட்டினால் அது பொய். ஒரே காகிதத்தில் இரண்டும்.

இனி, கல்விக் கடன். அரசு வங்கிகளில் பொதுவாக ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லை, அதற்கு மேல் வீடு, நிலம் கேட்பார்கள். படிக்கும்போது கட்ட வேண்டாம் என்கிறார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 30 லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால், படித்து முடிக்கும் இரண்டு வருடத்தில் ஆறு லட்சம் ஏறியிருக்கும், சம்பளம் ஒரு ரூபாய் வருவதற்கு முன்னால். "ஹஜ்ரத், நிர்ப்பந்தம்தானே, கூடாதா?" என்று கேட்கிறார்கள். பசியில் சாகப் போகிறவனுக்கு மார்க்கம் தந்த சலுகையை, இந்தியாவிலேயே படிக்க முடிகிற ஒரு படிப்புக்கு நான் எப்படிக் கொடுப்பேன்? வட்டி ஹராம். கடனைவிட்டு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். ஏன் இவ்வளவு என்று கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று காரணம் சொன்னார்கள். அத்தாவின் தோட்டத்தை வைத்துவிட்டுப் போன பிள்ளை, வேலை கிடைக்காத நாளில் வீட்டுக்கு போன் எடுக்கவே பயப்படுகிறான்.

கூடாது என்று சொல்லிவிட்டு மிம்பரிலிருந்து இறங்கிவிட்டால் அது நியாயம் இல்லை, வழியும் சொல்ல வேண்டும். சிறுபான்மை மாணவருக்கு வெளிநாட்டுக் கல்விக் கடன் வட்டியில் சலுகை தந்த ஒன்றிய அரசின் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை இன்னும் காத்திருப்பவர்கள் விட்டுவிடலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு, மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வாங்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். துருக்கி அரசின் உதவித்தொகையில் கட்டணம், விடுதி, விமானச் சீட்டு எல்லாம் உண்டு. முதுகலைக்கு 30 வயதுக்குள் இருக்க வேண்டும், பொதுவாக ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்தபின் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டால் அது வாக்கு, அங்கே போய் மறந்துவிடக் கூடாது. ஆலிம் பிள்ளைகள் மதீனா, அல்அஸ்ஹர், மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பாருங்கள். எதுவும் கிடைக்கவில்லையா? இங்கே இரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டுப் போ. 25 வயதில் போகிறவனுக்குக் கதவு மூடிவிடாது.

வசதி உள்ள சகோதரர்களே, இதில் உங்கள் மீதும் பொறுப்பு இருக்கிறது. வட்டி ஹராம் என்று பிள்ளையிடம் சொல்கிற ஜமாஅத், வட்டியில்லாக் கடன் கொடுக்க ஆள் இல்லாமல் நிற்கக் கூடாது. கொடுப்பதை எழுதிக் கொடுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். நிஸாப் அளவு சொத்து இல்லாத மாணவனுக்கு ஜகாத்திலிருந்தும் கொடுக்கலாம். நம் ஹனஃபி மத்ஹபின்படி அதை அவன் கையில் உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும், பெயர்ப் பலகைக்காக அல்ல.

மகள்கள் கேட்டால் என்ன செய்வது? மஹ்ரம் இல்லாத பயணம் பற்றிய ஹதீஸும், ஹீராவிலிருந்து ஒரு பெண் அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் அஞ்சாமல் கஅபா வரை தனியே வருவாள் என்று அதீ (ரழி) அவர்களுக்குச் சொன்ன முன்னறிவிப்பும் நம்மிடம் இருக்கின்றன. பாதுகாப்பான பயணத்தைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு வீட்டின் நிலையும் வேறு என்பதால் மிம்பரில் ஒரே பதில் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ட உடனேயே வாசலில் வைத்து மறுத்துவிடாதீர்கள். அழைத்து வாருங்கள், அவளும் உட்கார்ந்து பேசட்டும்.

கடைசியாக விசா நேர்காணல். ஹபஷாவில் நஜ்ஜாஷி மன்னரின் சபையில் ஜஅஃபர் (ரழி) அவர்களை நிறுத்தியபோது, அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி மக்காவின் தூதர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிக் கேட்டபோது, கிறிஸ்தவ மன்னரைத் திருப்திப்படுத்த ஒரு வார்த்தையைக்கூட ஜஅஃபர் (ரழி) மாற்றவில்லை. தாம் நம்பியதைத் தெளிவாக, மரியாதையாகச் சொன்னார்கள். தங்க இடம் கிடைத்தது. அலுவலர் கேட்டால் உள்ளதைச் சொல். அத்தா காப்பித் தோட்டக்காரர் என்றால் அப்படியே சொல், தொழிலதிபர் என்று சொல்லாதே. போவதற்கு முன் வீட்டாரோடு மஷ்வரா செய், இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழு. அங்கே கோடையில் இஷா நேரம் நள்ளிரவை ஒட்டி வரும், குளிர்காலத்தில் வகுப்பு நடுவிலேயே ளுஹரும் அஸரும் வந்து போகும். அந்த ஊர்ப் பள்ளிவாசல் எங்கே என்று, அறை தேடும்போதே தேடிவிடு.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு பள்ளியில் இருப்பேன். இந்த வருடம் விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள் அத்தா அல்லது அம்மாவோடு வாருங்கள். பாஸ்போர்ட், ஆதார், எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியலும் கொண்டு வாருங்கள். முதலில் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்போம்.