கொடுத்த வேலையைத் திரும்பப் பெறலாமா?

வேலை தருகிறோம் என்று ஒரு நிறுவனம் எழுதிக் கொடுக்கிறது. எழுத்தில் ஒப்புதல் தந்தவர் இருக்கும் வேலையை ராஜினாமா செய்கிறார். புதிய இடத்தில் சேர்வதற்குச் சில நாட்களே இருக்கும்போது, 'வணிகச் சூழல் மாறிவிட்டது. பணிவாய்ப்பைத் திரும்பப் பெறுகிறோம்' என்று நான்கு வரியில் மின்னஞ்சல் வருகிறது. இன்னும் ஒருநாள்கூட வேலை செய்யாத ஒருவருக்கு அந்த நிறுவனம் கடன்பட்டிருக்கிறதா? பட்டிருக்கிறது என்றால் எதற்கு?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1975 டிசம்பரில் ஓர் இளம் மருந்தாளுநருக்கு இப்படித்தான் நடந்தது. குரூப் ஹெல்த் பிளான் என்ற அமைப்பிலிருந்து தொலைபேசியில் வேலை தருவதாகச் சொன்னார்கள். அவர் ஏற்றுக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த மருந்துக்கடையில் இரண்டு வார நோட்டீஸ் கொடுத்தார். அதே நாளில் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து வந்த வேலையையும் வேண்டாம் என்றார். சில நாட்கள் கழித்து, வேலைக்கு வரத் தயார் என்று சொல்லக் கூப்பிட்டபோது, வேறொருவரை எடுத்துவிட்டோம் என்ற பதில் கிடைத்தது. அவர் வழக்குத் தொடுத்தார்.

அந்த நாட்டில் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் ஒருவரை வேலையிலிருந்து அனுப்பிவிடலாம் என்பது பொது விதி. சேர்ந்த மறுநாளே அனுப்பியிருக்கலாமே, சேருமுன் மறுத்ததில் என்ன குற்றம் என்று நிறுவனம் கேட்க இடமிருந்தது. 1981இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேர்மையான முறையில் வேலை செய்து காட்ட ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்ப அவருக்கு உரிமை உண்டு என்றது. இழப்பீட்டை அளந்த விதம் இன்னும் முக்கியமானது. புதிய வேலையில் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்பதைவிட, அந்தச் சொல்லை நம்பி எதையெதை விட்டுவிட்டார் என்பதையே நீதிமன்றம் கணக்கில் எடுத்தது.

இந்த வழக்கின் அறம் அங்கேதான் இருக்கிறது. வராத சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் இருந்த வேலை, மறுத்த இன்னொரு வாய்ப்பு ஆகிய இரண்டும் ஒருவர் கொடுத்த வாக்கை நம்பியதால் போனவை. போனதற்கு வாக்குக் கொடுத்தவரே பொறுப்பு.

இந்தியச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி, ஒரு முன்மொழிவை அதற்கான ஒப்புதல் அனுப்பப்படும் முன் திரும்பப் பெறலாம், பிறகு முடியாது. மீறினால், அந்த மீறலால் இயல்பாக விளைந்த இழப்புக்கு ஈடு கேட்க 73ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் அந்த வேலையையே கொடு என்று நீதிமன்றம் பொதுவாக ஆணையிடாது. மனம் ஒப்பாத இருவரை முதலாளியும் ஊழியருமாகச் சேர்த்துவைக்க முடியாது என்பதால் சட்டம் அங்கே ஒதுங்கிக்கொள்கிறது. ஆட்குறைப்புக்கான ஈட்டுத்தொகையோ, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளருக்கே உரியது. ஆக, சேருவதற்கு முன்பே வெளியே நிறுத்தப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். சம்பளம் நின்றுபோன மாதத்தில் வக்கீல் கட்டணம் கொடுத்து வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்?

உரிமை ஏட்டில் மட்டும் இருக்கும்போது, பின்னால் நிற்பவர்களின் பலத்தைப் பொறுத்தே நீதி கிடைக்கிறது. 2016இல் ஐஐஎம் மாணவர்கள் ஜூனில் சேர வேண்டியதை ஃபிளிப்கார்ட் டிசம்பருக்குத் தள்ளிவைத்தது. அகமதாபாத் ஐஐஎம் உடனே கண்டித்து எழுதியது. ஒன்றரை லட்சம் ரூபாய் தருவதாக நிறுவனம் சொன்னது. அதே ஆண்டில் ஐஐடிகளின் வேலைவாய்ப்புக் குழு, வாக்குத் தவறிய 31 நிறுவனங்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது. அதே 2016இல்தான், 2014இல் கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகிக் காத்திருந்த சாதாரணப் பொறியியல் கல்லூரிகளின் பட்டதாரிகள், பணிவாய்ப்பு ரத்தானதும் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பெரிய கல்லூரியில் படித்தவருக்கு ஒரு கடிதம் போதும், மற்றவர் பட்டினி கிடக்க வேண்டும் என்ற நிலைக்கு அறம் என்று பெயர் கிடையாது.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயமான வாதங்கள் உண்டு. எதிர்பார்த்த ஒப்பந்தம் கைநழுவிப் போகலாம். 2020இன் பெருந்தொற்றுபோல யாரும் எதிர்பாராதது வரலாம். இல்லாத வேலைக்கு ஆளைச் சேர்த்து ஒரே மாதத்தில் அனுப்புவதைவிட முன்பே சொல்வது மேல் என்பதும் உண்மை. தவறான சான்றிதழ் கொடுத்தவரை மறுக்க நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. வேலை தேடுபவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். மூன்று ஆஃபர் லெட்டர்களைக் கையில் வைத்துக்கொண்டு, சேர வேண்டிய நாளில் போனைக்கூட எடுக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வாக்கு இரு பக்கமும் கட்டும். சேரப்போவதில்லை என்று முடிவெடுத்தவர் அன்றைக்கே சொல்லிவிடுவது கடமை.

ஆனால் இரண்டு தவறுகளின் எடையும் ஒன்றல்ல. ஆள் வராவிட்டால் நிறுவனத்துக்குச் சில வாரத் தேடலும் கொஞ்சம் செலவும் நஷ்டம். வேலை வராவிட்டால் ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுபோகிறது. வங்கித் தவணை நிற்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. சேரும் நாளில் கொண்டுவர வேண்டிய ஆவணங்களின் பட்டியலைப் பாருங்கள்: பழைய நிறுவனத்தின் ரிலீவிங் ஆர்டர் அதில் இருக்கும். பழைய வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று கேட்டதே புதிய நிறுவனம். மூன்று மாத நோட்டீஸ் பீரியட் ஓடுவதும் அதற்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்து ஒருவரை அவர் நின்ற இடத்திலிருந்து நகர்த்திவிட்டு, எங்களுக்குள் எந்த உறவும் தொடங்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது.

'எந்த நேரத்திலும் காரணமின்றித் திரும்பப் பெறலாம்' என்ற வரியைக் கடிதத்தின் அடியில் சேர்த்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா? 1986இல் பிரோஜோ நாத் கங்குலி வழக்கில், காரணம் சொல்லாமல் ஊழியரை நீக்க வழிசெய்த விதியை இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பேரம் பேசும் பலம் சமமாக இல்லாத இடத்தில், புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்திடுவதைத் தவிர வேறு வழியில்லாதவர்மீது திணிக்கப்படும் நியாயமற்ற நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு எதிரானது என்பதே அதன் சாரம். அது ஓர் அரசு நிறுவனத்தைப் பற்றிய தீர்ப்பு. தனியார் நிறுவனங்களை அது அப்படியே கட்டாது என்றாலும் அதிலுள்ள அறம் எல்லோருக்கும் பொது.

எனவே, பணிவாய்ப்பைத் திரும்பப் பெறுவது எல்லா நேரத்திலும் பாவம் அல்ல. அதன் நஷ்டத்தை, நம்பி வந்தவர் தலையில் கட்டுவதுதான் அநீதி. திரும்பப் பெறும் நிறுவனம் குறைந்தது மூன்றைச் செய்ய வேண்டும். முடிவெடுத்த அன்றே தெரிவிக்க வேண்டும். பழைய நிறுவனத்தில் ராஜினாமாவைத் திரும்பப் பெற ஒரே ஒரு நாள் இருந்தாலும் அது பெரிய உதவி. உண்மையான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அவர் எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தாரோ அத்தனை நாள் சம்பளத்தையாவது கேட்காமலே கொடுக்க வேண்டும். இதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

வேலை மாறுபவர்களும் எழுத்தில் பணியாணை வரும்வரை ராஜினாமா செய்யக் கூடாது. ஆஃபர் லெட்டர், ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல், ராஜினாமாக் கடிதம், புதிய வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தின் ரசீது ஆகியவற்றைச் சொந்த மின்னஞ்சலில் பத்திரப்படுத்த வேண்டும். வேறு வேலை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இழப்பைக் குறைக்க முயன்றாரா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்க, மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.