ஜெபிக்கிற நாட்டைப் படிப்போம்

ஞாயிறு ஆராதனையில் தேசத்துக்காகவும் ஆளுகிறவர்களுக்காகவும் தவறாமல் ஜெபிக்கிறோம். மனதார ஆமென் சொல்லும் நமக்கு, அந்தத் தேசத்தின் வரலாறு எவ்வளவு தெரியும்?

1947 ஆகஸ்ட் 15-ல் இந்தியா விடுதலை பெற்றது. ஆறே வாரங்களில், செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அப்போதும் நம் கீரனூர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1948 மார்ச் 3-ல்தான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. நாடு, திருச்சபை, ஊர் மூன்றுக்கும் புதுவாழ்வு தொடங்கியது ஏழே மாத இடைவெளிக்குள்!

இந்த விடுதலை வரலாற்றில் நம்மவர்களும் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா கிறிஸ்தவர், காந்தியோடு நின்று கிராமத் தொழில்களுக்காக உழைத்த பொருளாதார அறிஞர். விடுதலைப் போரில் ஜபல்பூர் சிறையில் அடைபட்டபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகளைப் பற்றியது. மற்றொன்று இயற்கையைச் சுரண்டாத, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. வேதத்தின்மேல் வைத்த பற்றும் தேசத்தின்மேல் வைத்த பற்றும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை.

இந்த வரலாற்றைப் படிக்க நேரமும் உண்டு: விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்தாலும் மே மாதம் மிச்சமிருக்கிறது. ஆராதனை முடிந்ததும் அரைமணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படிக்கட்டும். சமஸ்தான காலத்தைக் கண்ட, கேட்ட பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். அறிந்து ஏறெடுக்கும் ஜெபத்துக்கு ஆழம் அதிகம்.